தலைகீழாகப் பார்த்துப் பந்தெறிகிறவர்கள்

2003 ஜனவரி 5. சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்தின் நாக்-அவுட் ஆட்டம். உள்ளூர் அணியான ஃபார்ட்டிநைனர்ஸ் 39, நியூயார்க் ஜயன்ட்ஸ் 38. ஆட்டம் முடிய ஆறு வினாடி இருக்கிறது. 41 கெஜத்துக்கு அப்பால் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பிவிட்டால் ஜயன்ட்ஸுக்கு மூன்று புள்ளி, அடுத்த சுற்று.

பந்தின் மேல் குனிந்து நின்றவர் ட்ரே ஜங்கின். அவர் வயதும் 41தான். 1983-இல் இந்தத் தொழிலுக்கு வந்தவர். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக இதே வேலை. ஓய்வுபெற்று வீட்டில் இருந்தவரை அந்த வாரம்தான் ஜயன்ட்ஸ் அழைத்து ஒப்பந்தம் போட்டிருந்தது. அவர் கால்களுக்கிடையே பின்னால் எறிந்த பந்து தாழ்வாக, சற்றே விலகிப் போனது. அதை வாங்கித் தரையில் நிறுத்த வேண்டிய மேட் ஆலன் தடுமாறி எடுத்தார்; நிறுத்த நேரமில்லை. எழுந்து ஓடி, கண்ணில் பட்ட சக ஆட்டக்காரரை நோக்கி வீசினார். பந்து யார் கைக்கும் போகவில்லை. ஆட்டம் முடிந்தது.

மறுநாள் லீக் நிர்வாகமே ஒன்றை ஒப்புக்கொண்டது. அந்தக் கடைசி வீச்சில் ஃபார்ட்டிநைனர்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் எதிராளியை விதிமீறி இழுத்துத் தள்ளியிருந்தார். நடுவர்கள் அதைக் கவனித்திருந்தால் ஜயன்ட்ஸுக்கு இன்னொரு முறை உதைக்க வாய்ப்புக் கிடைத்திருக்கும். அதற்கும் மேலாக, மூன்றாம் கால் பகுதியில் 38-14 என்று முன்னிலையில் இருந்த அணி அது. இருபத்துநான்கு புள்ளி முன்னிலையைக் கரைத்தது ஜங்கின் அல்ல. ஆனாலும் இன்று அந்த ஆட்டத்தை நினைவுகூர்பவர்கள் முதலில் சொல்வது அவர் பெயரைத்தான். அவரும் யாரையும் குறை சொல்லவில்லை. தப்பு முழுக்கத் தன்னுடையது, ஓய்விலேயே இருந்திருக்கலாம் என்ற பொருளில் செய்தியாளர்களிடம் பேசிவிட்டு, மறுபடியும் ஓய்வுக்குப் போய்விட்டார்.

இருபது ஆண்டு நன்றாகச் செய்த வேலைக்காக ஒருவர் பெயர் யாருக்கும் தெரியாமல் போவதும், ஒரே ஒரு பந்துக்காக எல்லோருக்கும் தெரிந்துவிடுவதும் என்ன மாதிரியான தொழில்? அந்தத் தொழிலுக்கு லாங் ஸ்னாப்பர் என்று பெயர்.

பெயர் கால்பந்து என்றாலும் அமெரிக்கர்களின் இந்த ஆட்டத்தில் காலுக்கு வேலை குறைவு. பெரும்பாலும் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவதும் வீசுவதும்தான். ஓர் அணிக்குப் பத்து கெஜம் முன்னேற நான்கு வாய்ப்புகள் தருகிறார்கள். மூன்றில் முடியவில்லை என்றால் நான்காவதில் பொதுவாக உதைத்துவிடுவார்கள். கம்பம் எட்டுகிற தூரத்தில் இருந்தால் அது ஃபீல்டு கோல் முயற்சி. எட்டாத தூரம் என்றால் பன்ட்: அதாவது, பந்து எப்படியும் எதிரணிக்குப் போகப்போகிறது, போவதுதான் போகிறது, முடிந்தவரை தொலைவில் போய் விழட்டும் என்று உயர உதைத்துவிடுவது. இரண்டிலுமே பந்து முதலில் கோட்டின் மேல் தரையில் கிடக்கிறது. உதைக்கிறவர் பல கெஜம் பின்னால் நிற்கிறார். தரையில் கிடப்பதை அவரிடம் கொண்டுசேர்ப்பது லாங் ஸ்னாப்பர் வேலை. சேர்க்கும் விதம்தான் விசித்திரம்: கால்களை அகட்டிக் குனிந்து, தன் கால்களுக்கு நடுவே தலைகீழாகப் பின்னால் பார்த்துக்கொண்டு, பந்தைக் கால்களுக்கிடையே எறிய வேண்டும்.

வீட்டில் உரித்த தேங்காய் ஒன்று இருந்தால் கையில் எடுத்துப் பாருங்கள். பந்தின் வடிவம் ஓரளவு புரியும். இரண்டு முனையும் கூர்ந்து, சுமார் 28 சென்டிமீட்டர் நீளம். எடை 400 கிராமுக்கு முன்பின். தேங்காயைவிடப் பந்து நீளம், எடை குறைவு. இதைக் குனிந்து நின்று, கார் நிறுத்தும் இடத்திலிருந்து வீட்டுப் பின்சுவர்வரை, நடுவில் எங்கும் தரையைத் தொடாமல், பின்னால் நிற்பவரின் தொப்புள் உயரத்துக்குப் போகுமாறு எறிய வேண்டும். (தேங்காயால் யாரும் முயன்று பார்க்க வேண்டாம்.)

பன்ட் என்றால் தூரம் 15 கெஜம், கிட்டத்தட்ட 13.7 மீட்டர். நல்ல ஸ்னாப்பரின் பந்து அந்தத் தூரத்தை முக்கால் வினாடிக்குள் கடந்துவிடும். மணிக்கு 65 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகம், அதுவும் தலைகீழாக நின்றுகொண்டு. ஃபீல்டு கோலுக்குத் தூரம் பாதிதான், ஏழெட்டு கெஜம். ஆனால் வேலை நுணுக்கமானது. அங்கே ஒற்றை முழங்காலில் உட்கார்ந்திருக்கும் ஹோல்டர் பந்தை வாங்கித் தரையில் நட்டு, ஒரு விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்குள் கிக்கர் ஓடிவர ஆரம்பித்திருப்பார். குனிந்திருப்பவர் கை அசைவதிலிருந்து உதைக்கிறவர் கால் பந்தில் படுவதுவரை எல்லாம் சேர்த்து சுமார் 1.3 வினாடி. அதற்கு மேல் போனால் எதிரணிக்காரர்கள் பாய்ந்துவந்து தடுத்துவிடுவார்கள்.

இன்னொரு நுணுக்கமும் இதில் இருக்கிறது. பந்தின் ஒரு பக்கத்தில் ஷூவுக்குக் கட்டுகிற மாதிரி வெள்ளை லேஸ் தைத்திருக்கும். அந்த மேடான தையல் உதைக்கிறவர் காலில் பட்டால் பந்து எங்கே போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே லேஸ் கம்பத்தைப் பார்த்திருக்க வேண்டும். ஹோல்டர் பந்தை நட்டுவிட்டுத் திருப்பிக்கொள்ளலாம்தான், ஆனால் அதற்கு ஆகும் நேரத்தை யார் கொடுப்பது? அதனால் லேஸ் சரியான பக்கம் இருக்கும்படியே பந்து ஹோல்டர் கைக்கு வந்துசேர வேண்டும் என்று ஸ்னாப்பரிடம் எதிர்பார்க்கிறார்கள். எட்டு கெஜத்துக்குள் பந்து காற்றில் மூன்று, மூன்றரைச் சுற்றுச் சுற்றும். தன் கையிலிருந்து போகும் பந்து எத்தனை சுற்றில் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்பது அவருக்கு மனப்பாடம். லேஸ் கொஞ்சம் விலகி வருகிறது என்று ஹோல்டர் சொன்னால், அடுத்த முறை பிடியைச் சற்றே திருப்பிக்கொள்வார், அல்லது ஹோல்டர் சில அங்குலம் முன்பின் தள்ளி உட்காருவார். மூன்று பேர் சேர்ந்து வாரக்கணக்கில் இப்படி அங்குலம் அங்குலமாகச் சரிசெய்துகொண்டுதான் 1.3 வினாடிக்கு வருகிறார்கள்.

ஜங்கின் விஷயத்தில் ஜயன்ட்ஸ் நிர்வாகத்தைத்தான் குற்றம் சொல்ல வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். வழக்கமான ஸ்னாப்பர் காயம்பட்டு, பதிலாள் சரிப்படாமல், சீசன் முழுக்கத் தொல்லைப்பட்டுக்கொண்டிருந்த அணி அது. நாக்-அவுட் ஆட்டம் நெருங்கியபோது அனுபவசாலி ஒருவரை விலைக்கு வாங்கினால் போதும் என்று நினைத்தார்கள். அனுபவம் அவர் கையில் இருந்தது, உண்மை. ஆனால் அந்த ஹோல்டர், அந்த கிக்கரோடு பழகிய நாட்கள் எவ்வளவு? ஒரு வாரம்கூட இல்லை. அதே ஆட்டத்தில் கொஞ்ச நேரத்துக்கு முன் இன்னொரு ஃபீல்டு கோல் முயற்சியிலும் பந்து சரியாக வரவில்லை, அதுவும் தவறியது. கடைசி ஆறு வினாடியில் நடந்தது வானத்திலிருந்து விழுந்த விபத்து அல்ல.

பந்தை எறிந்ததோடு ஸ்னாப்பர் வேலை முடிந்துவிடுவதில்லை. எறிந்த கணத்தில் தலை இன்னும் கால்களுக்கிடையே இருக்கிறது. எதிரே நூற்றிருபது, நூற்றைம்பது கிலோ ஆட்கள் பாய்ந்து வருகிறார்கள். தலையை நிமிர்த்தி, ஒருவரைத் தடுத்து நிறுத்தி, பன்ட் என்றால் உடனே ஐம்பது கெஜம் ஓடிப்போய்ப் பந்தை வாங்கிய எதிராளியை மடக்க வேண்டும். குனிந்த தலையோடு நிற்கும் ஆளை இடித்துத் தள்ளுவது முன்பு சாதாரணமாக நடந்தது. இப்போது ஃபீல்டு கோல் முயற்சிகளில் ஸ்னாப்பருக்கு நேர் எதிரே யாரும் நிற்கக் கூடாது என்று விதி இருக்கிறது. கல்லூரி ஆட்டங்களில் பந்து போய் ஒரு வினாடி ஆகும்வரை அவரைத் தொடவே கூடாது.

இப்படி ஒரு வேலைக்குத் தனி ஆள் வைக்கும் வழக்கம் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து இருந்ததல்ல. பல பத்தாண்டுகள் அணியின் சென்டர் என்கிற நடு ஆட்டக்காரரே இதையும் சேர்த்துச் செய்துவந்தார். 1970-களின் தொடக்கத்தில் வாஷிங்டன் அணியின் பயிற்சியாளர் ஜார்ஜ் ஆலன், ஜார்ஜ் பர்மன் என்பவரை இந்த வேலைக்கென்றே வைத்துக்கொண்டதைத்தான் தனி ஸ்னாப்பர் வழக்கத்தின் தொடக்கமாகப் பலரும் சொல்வார்கள். (பர்மன் பிற்பாடு சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் மேலாண்மைக் கல்லூரித் தலைவரானார்.) அப்போது மற்ற அணிகளுக்கு அது ஊதாரித்தனமாகத் தெரிந்திருக்கலாம். அணியில் வைத்துக்கொள்ளக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை குறைவு; அதில் ஓர் இடத்தைக் குனிந்து எறிகிறவருக்குக் கொடுப்பதா? பிறகு அந்த எண்ணிக்கை உயர்ந்து 53 ஆனது. ஆட்டங்கள் மூன்று புள்ளியிலும் ஒரு புள்ளியிலும் முடிவாவது சகஜமானது. இன்று தொழில்முறை லீக்கின் 32 அணிகளில் ஒவ்வொன்றிலும் ஒரு லாங் ஸ்னாப்பர் உண்டு. இரண்டாவது ஆள் அனேகமாக எங்கும் கிடையாது.

உலகம் முழுக்க அந்த மட்டத்தில் 32 வேலை. இந்தத் தொழிலின் மற்றக் குணங்களெல்லாம் இந்த எண்ணிலிருந்து கிளைப்பவைதான்.

முதலாவதாக, உள்ளே நுழைவது கடினம். ஏழு சுற்றுகளில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட கல்லூரி இளைஞர்களை அணிகள் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கின்றன. ஸ்னாப்பர் ஒருவர்கூடத் தேர்வாகாத ஆண்டுகள் உண்டு. 2003-இல் கிளீவ்லாந்து அணி ரைஸ் பல்கலைக்கழகத்தின் ரயான் பான்ட்பிரையாண்டை ஐந்தாம் சுற்றில் எடுத்தபோது பலர் புருவத்தை உயர்த்தினார்கள். 2015-இல் நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அதே ஐந்தாம் சுற்றில் கடற்படைக் கல்லூரியின் ஜோ கார்டோனாவை எடுத்தது. கடற்படை அதிகாரியாக இருந்துகொண்டே அவர் லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலை இரண்டு முறை வென்றார். பெரும்பாலானவர்கள் யாராலும் தேர்ந்தெடுக்கப்படாமல், சோதித்துப் பார்க்க வா என்று ஓர் அழைப்பு வருமா என்று காத்திருந்து உள்ளே வந்தவர்கள்.

இப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டுவிட்டால் கவலையில்லை என்றும் சொல்ல முடியாது. வாஷிங்டன் அணி 2021-இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கேமரன் சீஸ்மனை ஆறாம் சுற்றில் எடுத்தது. 2023 சீசனில் அவருடைய பந்துகள் தடம் மாற ஆரம்பித்தன. டிசம்பரில் சீசன் முடிவதற்குள்ளாகவே அவரை அனுப்பிவிட்டார்கள். வேறு இடங்களில் ஆடுபவருக்கு ஒரு மோசமான மாதத்தைப் பொறுத்துக்கொள்வார்கள்; பெஞ்சில் உட்காரவைத்துப் பிறகு திரும்பக் கொண்டுவருவார்கள். ஸ்னாப்பருக்கு பெஞ்ச் கிடையாது. இருந்தால் களத்தில், இல்லாவிட்டால் வீட்டில்.

இதற்கு நேர்மாறான முகமும் இதே தொழிலுக்கு உண்டு. நுழைந்து நிலைத்துவிட்டவர்கள் எளிதில் போவதில்லை. சிகாகோ பேர்ஸ் அணிக்கு நூற்றாண்டுப் பாரம்பரியம். உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர்கள் அதன் சட்டையை அணிந்திருக்கிறார்கள். அந்த அணிக்காக மிக அதிக ஆட்டங்கள் ஆடியவர் யார் என்று கேட்டால் பதில் பேட்ரிக் மேனலி. 1998 முதல் 2013 வரை 16 சீசன், 245 ஆட்டம், எல்லாம் லாங் ஸ்னாப்பராக. கல்லூரி மட்டத்தில் சிறந்த ஸ்னாப்பருக்கு 2019 முதல் வழங்கப்படும் விருது அவர் பெயரில்தான் இருக்கிறது. டெட்ராய்ட் லயன்ஸில் டான் முல்பாக் 2004-இலிருந்து 17 சீசன், 260 ஆட்டம். கனடாவின் மான்ட்ரியலிலிருந்து வந்த லூயி-ஃபிலிப் லாடூசர் டல்லஸ் கவ்பாய்ஸில் 2005 முதல் 2020 வரை. இந்த ஆட்டத்தில் ஒரு சராசரித் தொழில்முறை ஆட்டக்காரரின் காலம் மூன்று நான்கு ஆண்டு என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் பார்க்க வேண்டும்.

உடம்பு தேய்வது குறைவு என்பது ஒரு காரணம். ஓர் ஆட்டத்தில் பத்துக்கு முன்பின்னான முறைதான் களத்துக்குப் போகிறார். சம்பளம் இன்னொரு காரணம். 2024-இல் புதிதாக வந்தவருக்கான குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் 7,95,000 டாலர். ஏழு சீசன் தாண்டியவருக்கு 12,10,000 டாலர். ஸ்னாப்பர்களில் பெரும்பாலோர் இந்தக் குறைந்தபட்சத்தை ஒட்டித்தான் வாங்குகிறார்கள். நமக்குப் பெரிய தொகைதான். ஆனால் அதே ஆண்டு டல்லஸ் அணி தன் நட்சத்திர ஆட்டக்காரர் டாக் பிரெஸ்காட்டுடன் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்குச் சராசரி 6 கோடி டாலர். அந்தக் கணக்கில் ஸ்னாப்பர் சம்பளம் சில்லறை. அதை மிச்சப்படுத்த ஆளை மாற்றும் ஆபத்தில் எந்த அணி இறங்கும்? கிக்கரின் நிம்மதியும் சேர்ந்துகொள்கிறது. தன் 1.3 வினாடியை ஒருவரிடம் ஒப்படைத்துப் பழகிய கிக்கர் வேறு ஆளை எளிதில் விரும்பமாட்டார்.

உள்ளே வரும் வழியும் மாறிவிட்டது. ஜங்கின் தலைமுறையில் யாரும் ஸ்னாப்பர் ஆக வேண்டும் என்று கனவு கண்டு வரவில்லை. வேறு இடத்தில் ஆடினார்கள். அந்த இடம் கைநழுவியபோது, இதுவும் தெரியும் என்ற தகுதி அவர்களைக் காப்பாற்றியது. ஜயன்ட்ஸில் ஆடிய ஸ்டீவ் டியாஸி அடிப்படையில் தற்காப்பு ஆட்டக்காரர். அவர் மகன் ஸாக் டியாஸியும் அதே அணிக்குத் தற்காப்பு ஆட்டக்காரராகவே 2007-இல் தேர்வாகி, ஸ்னாப்பராகவே நிலைத்தார். தந்தை ஒரு சூப்பர் பவுல், மகன் இரண்டு. எல்லாம் ஒரே அணிக்காக. இன்று பத்தாம் வகுப்புப் பையன்கள் இதற்கென்றே நடக்கும் பயிற்சி முகாம்களுக்குப் போகிறார்கள். அங்கே நட்சத்திர மதிப்பெண், தரவரிசை எல்லாம் உண்டு. ஓடத் தெரியாத, பந்து பிடிக்கத் தெரியாத பையனுக்கும் கால்களுக்கிடையே நேராக எறியத் தெரிந்தால் கல்லூரிப் படிப்புக்கு உதவித்தொகை கிடைக்கும் என்பது பெற்றோருக்கும் தெரிந்துவிட்டது.

இந்த முகாம் வழிக்கு வெளியிலிருந்து வந்தவர் நேட் போயர். அமெரிக்க ராணுவத்தின் சிறப்புப் படையில் இருந்துவிட்டு, முப்பதை நெருங்கும் வயதில் டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பள்ளியில்கூட இந்த ஆட்டம் ஆடியதில்லை. அணியில் களத்துக்குப் போக இது ஒன்றே வழி என்று கண்டுபிடித்து, ஸ்னாப் செய்யத் தானே கற்றுக்கொண்டார். 2015-இல் சியாட்டில் அணி அவரை ஒப்பந்தம் செய்தது. சீசன் தொடங்குமுன் விடுவித்துவிட்டது. ஆனாலும் அவர் பெயர் இந்த ஆட்டத்தின் வரலாற்றில் வேறு ஓர் இடத்தில் பதிவாகியிருக்கிறது. இனப் பாகுபாட்டைக் கண்டித்து தேசிய கீதத்தின்போது உட்கார்ந்து எதிர்ப்புத் தெரிவித்த ஆட்டக்காரர் காலின் கேப்பர்னிக்கிடம், உட்காருவதைவிட ஒற்றை முழங்காலில் நிற்பது மரியாதையாக இருக்கும் என்று 2016-இல் யோசனை சொன்னவர் போயர்தான்.

ஸ்னாப்பர்களில் பெருந்திரளான மக்களுக்குத் தெரிந்த முகம் என்று ஒன்று இருந்தால் அது ஃபிலடெல்பியா ஈகிள்ஸின் ஜான் டோரன்பாஸ். தெரிந்ததற்குக் காரணம் பந்து அல்ல, சீட்டுக்கட்டு. அவருக்குப் பன்னிரண்டு வயதில் தந்தை தாயைக் கொன்றார். அந்த நாட்களில் பிடித்துக்கொண்ட மாய வித்தை கடைசிவரை கூடவே வந்தது. 2016-இல் 'அமெரிக்காஸ் காட் டேலன்ட்' தொலைக்காட்சிப் போட்டியில் மூன்றாமிடம் பிடித்தார். மறு ஆண்டு ஈகிள்ஸ் அவரை நியூ ஆர்லியன்ஸ் அணிக்கு மாற்றிவிட்டது. புதிய அணி சேர்த்துக்கொள்ளும்முன் செய்த உடல் பரிசோதனையில் இதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி அபாயமான அளவில் வீங்கியிருந்தது தெரிந்தது. மார்பைத் திறந்து அறுவை சிகிச்சை. ஆட்டம் அத்தோடு முடிந்தது. பழைய அணியிலேயே இருந்திருந்தால் அது தெரியாமலே போயிருக்கலாம். அந்த சீசனில் ஈகிள்ஸ் சூப்பர் பவுல் வென்றபோது வென்றவர்களுக்குத் தரும் மோதிரம் ஒன்றை அணி உரிமையாளர் அவருக்கும் கொடுத்தார்.

ஜங்கினிடம் திரும்ப வேண்டும். அவர் கதைக்கு நிழல்போல இன்னொரு கதை இருக்கிறது.

2003 டிசம்பரில் பேட்ரியட்ஸ் அணியின் ஸ்னாப்பர் லோனி பாக்ஸ்டன் முழங்காலில் அடிபட்டு விழுந்தார். பனிக் கொட்டலில் நடந்த ஒரு நாக்-அவுட் ஆட்டம் வென்றதும் தரையில் மல்லாந்து கைகால்களை விரித்துப் பனியில் தேவதை வரைந்தவர் என்று ரசிகர்களுக்கு அவரைத் தெரியும். மாற்றாகக் கொண்டுவந்தவருக்கும் காயம். வேறு யார் கிடைப்பார்கள் என்று தேடிய அணி லூசியானா மாநிலத்தின் பேட்டன் ரூஜ் நகருக்கு போன் போட்டது. பிரையன் கின்ச்சன், வயது 38. பதின்மூன்று சீசன் ஆடியவர், ஆட்டத்தை விட்டு மூன்று ஆண்டாகிவிட்டது. கிறிஸ்தவப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு பைபிள் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

சோதனையில் தேறி, அணியில் சேர்ந்து, சில ஆட்டங்களையும் தாண்டினார். சூப்பர் பவுல் வாரத்தில் கை பேச்சுக் கேட்கவில்லை. பயிற்சியில் எறிகிற பந்துகள் தரையில் பட்டு எழும்பிப் போயின. இதை யிப்ஸ் என்பார்கள். கோல்ஃபிலிருந்து வந்த சொல். ஆயிரம் முறை செய்து கைக்குப் பழகிப்போன ஒன்றில் மனம் குறுக்கே வந்து, இதை எப்படிச் செய்கிறோம் என்று கேட்க ஆரம்பித்துவிட்டால் வருகிற கோளாறு. சைக்கிள் ஓட்டுகிறவர் சமநிலையை எப்படிக் காக்கிறோம் என்று யோசித்துக்கொண்டே ஓட்டினால் என்ன ஆகும்? ஸ்னாப்பருக்கு இந்தக் கேள்வியை யோசிக்க நிறைய நேரம் இருக்கிறது என்பதுதான் தொல்லை. மூன்று மணி நேர ஆட்டத்தில் அவர் களத்தில் இருப்பது மொத்தமாக ஒரு நிமிடம்; மற்ற நேரமெல்லாம் ஓரத்தில் நின்றுகொண்டு, அடுத்த பந்தைப் பற்றி நினைக்காமல் இருக்கப் பார்க்க வேண்டும்.

வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கின்ச்சன் அணியின் ஆட்டக்காரர் தேர்வுப் பொறுப்பாளர் ஸ்காட் பியோலியிடம் போய்ச் சொன்னார். பியோலி கேட்கவில்லை. நீதான் எறியப்போகிறாய் என்று அனுப்பிவிட்டார். ஆட்டத்தன்று சாப்பாட்டு மேசையில், ரொட்டியைக் கத்தியால் அறுக்கும்போது கின்ச்சன் தன் விரலையே வெட்டிக்கொண்டார். புனைகதையில் இப்படி எழுதினால் ஆசிரியர் மிகைப்படுத்துகிறார் என்று நாம் புத்தகத்தை மூடிவைத்திருப்போம்.

2004 பிப்ரவரி 1, ஹூஸ்டன். எதிரணி கரோலினா பாந்தர்ஸ், கின்ச்சன் கடைசியாக ஆடிய அதே பழைய அணி. விரலில் கட்டோடு எறிந்தார். சில பந்துகள் தாழ்ந்தன. உதைக்கிறவர் ஆடம் வினட்டியெரிக்கும் நல்ல நாள் அல்ல: முதல் பாதியில் ஒன்று விலகிப்போனது, ஒன்றை எதிரணி தடுத்துவிட்டது. 29-29. ஒன்பது வினாடி மட்டும் இருக்கும்போது பேட்ரியட்ஸ் ஃபீல்டு கோலுக்குத் தயாரானது.

தூரம் 41 கெஜம். பதின்மூன்று மாதத்துக்கு முன் ஜங்கின் குனிந்து நின்ற அதே தூரம். அவரைப் போலவே ஓய்விலிருந்து அழைத்துவரப்பட்டவர், அவரைப் போலவே அன்றைக்குக் கை சரியில்லாதவர் குனிந்தார். பந்து நேராகப் போனது. கென் வால்டர் வாங்கி நட்டார், வினட்டியெரி உதைத்தார், கம்பங்களுக்கு நடுவே போய் விழுந்தது. 32-29. நான்கு வினாடி மிச்சம்.

மறுநாள் பத்திரிகைகளில் வினட்டியெரியின் படம். உலகத்தின் மற்றப் பகுதி இடைவேளைக் கச்சேரியில் நடந்த ஆடை விவகாரத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது. பந்தை எறிந்தவர் பெயரைத் தேடிப் படித்தவர்கள் கொஞ்சம் பேர்.

கின்ச்சனுக்குத் துணிச்சல் அதிகம், ஜங்கினுக்குக் குறைவு என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேசுகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. 281 ஆட்டங்களில் ஆடியவருக்குத் துணிச்சல் இல்லை என்று எந்தக் கணக்கில் சொல்வது? கின்ச்சன் அணியோடு ஆறேழு வாரம் இருந்தார், அந்த ஹோல்டரும் கிக்கரும் அவர் பந்தின் கோணல்களுக்குக்கூடப் பழகியிருந்தார்கள். ஜங்கினுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. மிச்சம் இருப்பது, பந்து கையை விட்டுப் போகும் இடத்தில் ஓர் அரை அங்குலம்.

நல்ல பந்து எறிந்தும் ஆட்டம் கைநழுவுவது உண்டு. 2007 ஜனவரி 6, சியாட்டில். டல்லஸ் அணி ஒரு புள்ளி பின்தங்கி, 19 கெஜ ஃபீல்டு கோலுக்கு நிற்கிறது. பயிற்சி ஆட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற தூரம். லாடூசர் எறிந்த பந்தில் குறையே இல்லை. ஹோல்டராக உட்கார்ந்திருந்த நட்சத்திர ஆட்டக்காரர் டோனி ரோமோ அதை நழுவவிட்டார். ரோமோவின் பெயரோடு அந்த நழுவல் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எறிந்தவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. லாடூசருக்கு அதற்குப் பிறகும் அதே அணியில் பதினான்கு சீசன். 2021 செப்டம்பரில் டெட்ராய்ட்டில் பால்டிமோர் அணியின் கிக்கர் ஜஸ்டின் டக்கர் 66 கெஜத்திலிருந்து உதைத்து அப்போதைய லீக் சாதனை படைத்தபோதும் இதே கதைதான். குறுக்குக் கம்பத்தில் பட்டுத் துள்ளி அப்பால் விழுந்த அந்தப் பந்தை எறிந்தவர் நிக் மூர். அதற்கு முன் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தவர்.

ஹூஸ்டனில் வென்ற பேட்ரியட்ஸுக்கு அடுத்த சீசனில் பாக்ஸ்டன் முழங்கால் தேறித் திரும்பிவந்தார். அந்த ஆண்டும் சூப்பர் பவுல் வென்றார்கள். கின்ச்சன் அதற்குப் பிறகு எந்த அணிக்கும் ஆடவில்லை. அவர் தொழிலில் கடைசியாக எறிந்த பந்து அந்த 41 கெஜப் பந்துதான். ஜங்கினுக்கும் அப்படியே.